நீங்கள் கை வைத்ததும் நின்ற இரைச்சல்

அக்கா,

அது திரும்ப வந்துவிட்டது.

இன்று காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிற வேலையை நான் இன்னும் விடவில்லை. இன்றைக்கு மண் வகைகள் பற்றிய பாடம். வாயைத் திறப்பதற்குள் காதில் விழுந்தது. ம்ம்ம் என்று ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே இழுவை. யாரோ வாயை மூடிக்கொண்டு விடாமல் முனகுவது போல. நான் பேசாமல் இருக்கும்போது லேப்டாப் திரையில் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓட வேண்டும். ஓடவில்லை. தடித்துப் போய் நெளிந்துகொண்டிருந்தது.

நம்புவீர்களோ என்னவோ, "அக்கா!" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாரைக் கூப்பிடற?" என்றார். "யாரையும் இல்லை, நீங்க பேப்பரைப் படிங்க" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அதைப் பார்க்காத மாதிரி கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த நிமிஷமே ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன். என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? பொங்கல் கழிந்து கீழே உங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தவர்கள் ஏசி மாட்டியிருக்கிறார்கள். பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக ஒரு ஒயர் பாம்பு மாதிரி இறங்கி வந்து அதற்குச் சார்ஜ் ஏற்றுகிறது. மீன் தொட்டி வேறு. அதில் ஒரு மோட்டார் எப்போதும் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றுதான் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். "அடி சந்தேகப் பிராணி" என்று நீங்கள் கீழேயிருந்து சிரிப்பது கேட்டது.

நாம் பழக ஆரம்பித்ததே என் சந்தேகத்தில்தானே.

நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மாடிக் குவார்ட்டர்ஸில் சாமான்களைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் எதிர்வீட்டுக்காரர் எந்த ஊர், என்ன மனுஷர் என்று யாருக்குத் தெரியும்? எல்லா ஜில்லாவும் கலந்து கிடக்கிறது. அதனால் நான் எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தேன். அடுப்படிப் பால்கனியில் நின்று கீழே பார்த்தால் உங்கள் பின்கட்டு முழுக்கத் தெரியும். கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் தரையில் சின்னதாக ஒரு சிமெண்டுக் குழி. நீங்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதன் மூடியைத் திறந்தீர்கள். கை நிறைய அடுப்புக்கரி போட்டீர்கள். கல் உப்புப் போட்டீர்கள். ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றினீர்கள். ஊற்றும்போது உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

செய்வினைதான், சந்தேகமே இல்லை, அதுவும் புதிதாக வந்த எங்களுக்குத்தான் என்று நினைத்தேன். மறுநாளும் ஊற்றினீர்கள். அதற்கு மறுநாளும். பொறுக்க முடியாமல் இறங்கி வந்து, "எங்களுக்கு ஏங்க இப்படிப் பண்றீங்க? நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினோம்?" என்று வாசலில் நின்று கேட்டேன். அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் முதலில் முழித்தீர்கள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தீர்களே ஒரு சிரிப்பு!

"அடிப் பாவி! நான் என்னா சூனியக்காரியா? எர்த்து குழிடி இது. மேல கீழ ரெண்டு வூட்டுக்கும் இதான் எர்த்து. மண்ணு காஞ்சா கரண்டு எங்கடி போவும்? உன் தலைமேலதான் வந்து நிக்கும்."

"அப்ப வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே ஊத்துனீங்களே?"

"பாட்டுடி! பாட்டு பாடிகினு ஊத்தக் கூடாதா?"

குடி வந்த புதிதில் ஒயர்மேன் யாரோ வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னாராம். நீங்கள் வெயில், மழை என்று பார்க்காமல் தினமும் ஊற்றினீர்கள். "எங்க நெலம் பூரா மைன்ஸுக்குப் போயிடுச்சு. தண்ணி ஊத்த எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு குழிதான்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்த பலாப்பழத்தை அறுக்கக் கத்திக்கு எண்ணெய் தடவப் போய்விட்டீர்கள். அன்று முதல் எங்கள் வீட்டுத் தாளிப்புக்கு உங்கள் செடிக் கறிவேப்பிலைதான்.

அப்புறம் உங்கள் தொண்டை.

முதலில் கரகரப்பு என்றீர்கள். மைன்ஸ் தூசு என்றீர்கள். மிளகுக் கஷாயம் போட்டுக் குடித்தீர்கள். பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும், எடுத்தால் பேச்சு திரும்ப வராது என்று சொன்னார். அந்த வருஷம் ஆவணியில் உங்கள் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நீங்கள் டாக்டர் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. மாடிக்கு ஏறி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினீர்கள்.

"விஜி, உன் மிசின்ல என் பாட்டைப் புடிச்சு வையி. நலங்குக்கு எங்கம்மா எனக்குப் பாடுன பாட்டு. தேனு பேரைச் சேத்துப் பாடணும். பெத்தவ இருந்துகினு வேற யாராச்சும் பாடுனா நல்லாவா இருக்கும்?"

"நாளைக்கே புடிச்சிடலாம் அக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

அந்தச் சித்திரையில்தான் இரைச்சல் வந்தது. அதுவரை என் பதிவுகளில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. போனில் பிடிக்கலாம் என்று பார்த்தால், போன் தானாகவே இரைச்சலை வெட்டுகிறேன் பேர்வழி என்று நீங்கள் குரலை இறக்குகிற இடத்தையெல்லாம் கத்தரித்துவிட்டது. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போய், பிளக்கில் சொருகினால்தான் உயிர் வரும். சாஃப்ட்வேரில் இரைச்சலை மட்டும் தனியாக அடையாளம் காட்டிவிட்டால் அது பதிவு முழுக்கத் துடைத்துவிடும். செய்து பார்த்தேன். உங்களுடையது கனத்த குரல். இரைச்சலோடு சேர்த்து அடிக்குரலையும் அது வழித்துக்கொண்டு போய்விட்டது. போட்டுக் காட்டினேன். "யாருடி இது, குடத்துக்குள்ள தலைய வுட்டுகினு பாடுறது?" என்று கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் சந்தேகப்படாத பொருள் இல்லை. டியூப்லைட்டின் சோக்கை அணைத்தேன். ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகப்பட்டு வியர்வையில் குளித்தேன். ஃபிரிட்ஜை நிறுத்தி, பால் திரிந்து, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினேன். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்தான் என்று போய், "ஒரு கால் மணி நேரம் மெயினை அணைச்சு வைங்களேன்" என்று கேட்டேன். அந்த அம்மா அணைத்தார். அணைத்துவிட்டு, "மாடியில கச்சேரி நடக்குதாம், எங்க வூட்டு ஃபிரிட்ஜை நிறுத்தணுமாம்" என்று பிளாக் முழுக்கச் சொன்னார். ஆபீசில் புகார் கொடுத்து ஒயர்மேன் வந்தார். எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பார்த்து, "எல்லாம் எரியுதேம்மா" என்றார். இவர் எதையோ பார்த்துவிட்டு மறைக்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். லேப்டாப்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருந்தது. அதையும் லேப்டாப்பின் கோளாறு என்று விட்டுவிட்டேன். இதற்கு நடுவில் உங்கள் கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிப் பழுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மாதான் கோபத்தில் இலையை உருவுகிறாள் என்று அவள் கையையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உங்கள்மேலேயும் எனக்குச் சந்தேகம் வந்தது அக்கா. கூப்பிட்டால் "சாயங்காலம் வரேன்" என்பீர்கள். வந்தால் பாதிப் பாட்டில் நிறுத்திவிடுவீர்கள். இவர்களுக்குப் பாட இஷ்டமில்லையோ, பாடிவிட்டால் குரல் போவது நிச்சயமாகிவிடும் என்று பயமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு நாளில்தான் அது நடந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. காதில் ம்ம்ம் என்று அந்த முனகல். நீங்கள் பாட ஆரம்பிக்கவில்லை. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மைக் நிற்கிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

இரைச்சல் டக்கென்று நின்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் கோடு நூல் மாதிரி ஓடியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நின்னுச்சாடி?" என்றீர்கள்.

"கையை எடுக்காதீங்க அக்கா! என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலடி. புடிச்சுகினு இருக்கேன்."

கையை எடுக்கச் சொன்னேன், முனகல் வந்தது. வைக்கச் சொன்னேன், போனது. நான் பிடித்துப் பார்த்தேன்; போகவில்லை. நீங்கள் பிடித்தால் மட்டும் போகிறது. பழைய செய்வினை பயம்கூட ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது போங்கள். அப்படியே பாடச் சொல்லியும் பார்த்தேன். உங்கள் கையின் நடுக்கம் கம்பி வழியாக மைக்கில் ஏறி, பாட்டோடு கடகடவென்று விழுந்தது. அது எதற்கும் உதவாது.

உங்களுக்கு மட்டும் ஏன் அடங்குகிறது என்று உங்களைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தேன். கால். நீங்கள் செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடு தரையில் பாதத்தைப் பதித்திருந்தீர்கள். நான் குதிகால் வலிக்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவள். கழற்றிவிட்டுக் கம்பியைத் தொட்டேன். எனக்கும் அடங்கியது. அப்படியென்றால் உள்ளே வந்த கரண்டு கீழே போக வழியில்லாமல் நிற்கிறது. நம் உடம்பைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கப் பார்க்கிறது. அதற்கென்று இருக்கிற எர்த்து வழி வேலை செய்யவில்லை.

அடுப்படிப் பால்கனிக்கு ஓடினேன். செடி பழுத்துக் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் குழி. மூடியின்மேல் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்ட எனக்கு, அந்தக் குழியில் தண்ணீர் இருக்குமா என்று மட்டும் தோன்றவே இல்லை. அது நீங்கள் பார்க்கிற வேலை. நீங்கள் ஊற்றாமல் இருப்பீர்கள் என்று எப்படித் தோன்றும்? காலையில் சூரியன் வந்ததா என்று யாராவது எட்டிப் பார்க்கிறார்களா?

திரும்பி வந்தேன். நீங்கள் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அப்போதுதான் கவனித்தேன். இரைச்சலை நிறுத்துவதற்காக நீங்கள் அதைப் பிடிக்கவில்லை. விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்திருந்தீர்கள்.

"அக்கா, குழிக்கு எப்பலேர்ந்து தண்ணி ஊத்தல?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"குனிஞ்சா கண்ணு இருட்டுதுடி. கொடம் தூக்க முடியல. கஞ்சி கூட எறங்க மாட்டேங்குது."

"சாப்டேன் சாப்டேன்னு சொன்னீங்களே?"

"வேற என்னா சொல்லச் சொல்ற? சொன்னா நீ பாட்டு வாணாம், படுத்துக் கெடன்னுவ. தேனுகிட்ட சொல்லுவ. அவ கல்யாணத்தையே வாணாம்னு உக்காந்துக்குவா. பாடி முடிச்சிடறேன் விஜி. அப்புறம் எங்க வேணா வரேன்."

நான் கீழே இறங்கிப்போய்க் குழியைத் திறந்தேன். உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கரியும் உப்பும் போட்டுக் குடம் குடமாக ஊற்றினேன். எவ்வளவு ஊற்றினாலும் சொர்ரென்று இழுத்துக்கொண்டது. நீங்கள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, "மெதுவா ஊத்துடி, குழிய உடைச்சிடப் போற" என்று அதட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வந்த அழுகையையும் கோபத்தையும் அந்தக் குடத்தில்தான் காட்டினேன்.

மறுநாள் காலையில் கோடு நேராக ஓடியது. நீங்கள் பாடினீர்கள். இடையில் ஒரு வாய் வெந்நீர் மட்டும் குடித்தீர்கள். தேன்மொழி பேர் வருகிற இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. "திரும்பப் பாடட்டாடி?" என்று கண்ணாலேயே கேட்டீர்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்கார அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷிப்ட் முடிந்து அழுக்குச் சட்டையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டுவிட்டுச் சைக்கிளை அப்படியே கீழே போட்டார். ஆபரேஷன் தேதியை முன்னால் போட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் என்னோடு பேசவில்லை. கார் கிளம்பும்போது நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு "அக்கா" என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் சொன்னது சரி. இன்றைக்கும் சொல்வேன். ஆனால் குரல் இருந்த அந்தக் கடைசி நேரத்தில் ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாமே என்று எனக்கு இன்னும் உங்கள்மேல் கோபம்தான். அப்புறம் நீங்கள் திட்டவே முடியாமல் போய்விட்டதே!

ஆவணியில் நலங்குக்கு ஸ்பீக்கரில் உங்கள் பாட்டைப் போட்டோம். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, மகள் கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டே நீங்கள் உதட்டை அசைத்தீர்கள். ஒரு சொல் பிசகாமல் பாட்டோடு ஒத்துப்போனது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நீங்களே பாடுவதாக நினைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு என்ன குரல்!" என்றார்கள். நான் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இருந்த காலம் முழுக்க, என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மாடிக்கு ஏறுகிற தண்ணீர்க் குழாயில் கரண்டியால் தட்டுவீர்கள். டங் டங். கோபம் போய்விட்டது என்று முதல் தட்டிலேயே தெரிந்துகொண்டேன். உடம்பு தேறியதும் குழிக்கு நீங்களே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தீர்கள். ஊற்றும்போது உதடு அசையும். நீங்கள் போன பிறகு அண்ணன் ஊற்றினார். அவர் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனார். கொஞ்ச காலம் வீடு பூட்டிக் கிடந்தது, மழை பார்த்துக்கொண்டது. இப்போது பங்குனி வெயில். பின்கட்டுக் கேட்டுக்குப் புது ஆட்கள் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே அக்கா, இரைச்சல் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதலில் ஏசியைப் பிடித்தேன், ஸ்கூட்டரைப் பிடித்தேன், பாவம், மீன்களைக்கூட விடவில்லை. குழி காய்ந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டால் நீங்கள் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மீன் தொட்டி மோட்டாரே மேல் என்று இருந்தது.

பத்து மணிக்கு மேல் குடத்தையும் உப்பையும் கரியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். நல்ல பெண்தான், சின்ன வயது, சேலத்துப் பக்கம். விஷயத்தை ஒழுங்காகச் சொல்லாமல், "பின்பக்கம் ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடறேம்மா" என்று மட்டும் சொன்னேன். மரியாதைக்குப் பூட்டைத் திறந்துவிட்டாள். நான் குழியின் மூடியைத் தூக்கிக் கரியைப் போட்டு, கல் உப்பைப் போட்டு, தண்ணீர் ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கையில் போனோடு நின்றிருந்தாள். குரலை அடக்கித்தான் பேசினாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

"மாடி வீட்டு ஆன்ட்டி நம்ம பின்பக்கம் குழியில உப்பு, கரி எல்லாம் போடறாங்க. வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே தண்ணி ஊத்தறாங்க. நீங்க சீக்கிரம் வாங்க!"

என்னது, வாய்க்குள்ளேயா? நானா? எனக்கே தெரியவில்லை அக்கா. உங்கள் பாட்டைத்தான் பாடியிருக்கிறேன்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவள் இன்னும் பயந்துபோனாள். "எர்த்து குழிம்மா இது. மண்ணு காஞ்சா கரண்டு எங்க போவும்?" என்றேன். தஞ்சாவூர்க்காரி வாயில் "போவும்" எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். விவரமாகச் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. பாதிதான் தெளிந்தது. தினமும் வந்து ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு, "அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றாள். இருக்கட்டும். நானும் அப்படித்தானே ஆரம்பித்தேன்.

மேலே வந்து ஹெட்போனை மாட்டினேன். முனகல் மெலிந்திருந்தது, மண் இன்னும் குடிக்க வேண்டும். பாடத்தை நாளைக்கு வாசிக்கலாம் என்று வைத்துவிட்டு, உங்கள் பழைய பதிவு ஒன்றைத் திறந்தேன். பாட்டு இல்லை. பாட்டு தேன்மொழியுடையது, அவளிடம் கொடுத்தாகிவிட்டது. இது எதற்கும் உதவாது என்று அன்றைக்கு ஒதுக்கிய துண்டு. ம்ம்ம் என்று இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் நீங்கள், "நின்னுச்சாடி?" என்பீர்கள். நான், "கையை எடுக்காதீங்க அக்கா" என்பேன்.

உங்கள் குரல் என்னோடு பேசுவது இந்த ஒரு துண்டில்தான் இருக்கிறது. இப்போது புதிதாக வந்திருக்கிற சாஃப்ட்வேர் அடிக்குரலைத் தொடாமல் இரைச்சலை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிடுகிறதாம். பதிவுகளை வாங்கிக்கொள்கிற பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எல்லாப் பழைய பதிவையும் போட்டு எடுத்துவிடுங்கள் என்றார்கள். மற்ற எல்லாவற்றையும் போட்டு எடுத்தேன்.

இதை எடுக்கவில்லை. அந்த இரைச்சல் போய்விட்டால் நீங்கள் எந்த இடத்தில் கை வைத்தீர்கள் என்று தெரியாது, அக்கா.